பிளாட்பார டிக்கெட்டில் ஒரு ஸ்டேசன் தூரம்

இலங்கை மலையகத்தின் கொட்டகலை ஸ்டேசனில் அந்தக் காலத்தில் டீசல் புகை வாடையோடு அழுகைச் சத்தமும் சேர்ந்தே வரும். எழுபதுகளில் ஒப்பந்தப்படி ஒரேயடியாக இந்தியாவுக்குப் போகிறவர்களை வழியனுப்ப, தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளே திரண்டு வந்து, 'பிளாட்பார டிக்கெட்'டை முந்தானையில் முடிந்துகொண்டு, பெட்டிக்குள்ளேயே ஏறிக் கட்டிப்பிடித்து அழும். விசில் ஊதினாலும் இறங்க மனசு வராது. அப்படி ஏறியவர்களை ரயில் தூக்கிக்கொண்டு போய்விடுவதும் உண்டு. ஓடுகிற ரயிலில் 'செக்கர் ஐயா'விடம் மாட்டினால் மானம் போய்விடும் என்று பெரியவர்கள் பயமுறுத்துவார்கள்.

எங்கள் அம்மா அழுகிற ரகமில்லை. அம்மாவின் ஒரே தங்கை, என் சின்னம்மா, குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போவது முடிவான நாளிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சே இல்லை. "போறவளுக்கு நான் எதுக்கு?" என்று உர்ரென்று இருந்தவள், கடைசி நாளில் விடியுமுன்னே எழுந்து புளிச்சோறு கிண்டி, என்னையும் இழுத்துக்கொண்டு ஸ்டேசனுக்கு ஓடினாள். பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் பெட்டியில் ஏறினோம். சின்னம்மா பொட்டலத்தை வாங்காமல் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ரயில் நகர்ந்துவிட்டது.

சிங்கமலைச் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் கும்மிருட்டு. அந்த இருட்டில்தான் அம்மா வாய் திறந்தாள். "அடிப் பாவி, என்னைய விட்டுட்டுப் போறியேடி!" என்று அலறினாள். வெளிச்சம் வந்தபோது எதிரே செக்கர் கை நீட்டிக்கொண்டு நின்றார். சிங்களவர்தான், ஆனால் தமிழ் நன்றாகப் பேசுவார். அம்மா பயந்துபோய் முந்தானை முடிச்சை அவிழ்த்து டிக்கெட்டை நீட்டினாள்.

"இது பிளாட்பாரத்துக்குத்தானே அம்மா, ரயிலுக்கு இல்லியே?"

சின்னம்மா முந்திக்கொண்டாள். "எங்கக்காங்க ஐயா. எம்மேல கோவிச்சுக்கிட்டு இத்தன நாளா பேசல. இப்பத்தான் பேசுது. ஹட்டன் வரைக்கும் விட்ருங்க, புண்ணியமாப் போகும்."

அவர் அந்த டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஹட்டன்ல எங்கூட வாங்க, ஸ்டேசன் கேட்டுல நான் சொல்றேன்" என்றவர், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார். எங்கிருந்தாலும் நல்லா இருக்கட்டும் அந்த மனுசன்.

தலைமன்னாருக்குப் போய்க் கப்பலேறும் கூட்டம் இப்போது அந்த ரயிலில் இல்லை. பிளாட்பாரத்தில் யாரும் கட்டிப்பிடித்து அழுவதும் இல்லை. சுரங்கம் வந்தால் பிள்ளைகள் ஊளையிட்டுச் சிரிக்கிறார்கள். அம்மா அதன்பிறகு தன் தங்கையைப் பார்க்கவேயில்லை. அன்றைக்கு அவ்வளவு பயந்தாயே அம்மா என்று எப்போது கேட்டாலும், சாகும்வரை ஒன்றேதான் சொன்னாள்: "நல்லவேளை, நான் எறங்கலடி."