அச்சுப்பிழை என்று நினைத்த எழுத்து

பிள்ளைகளா, எங்கள் மூத்த பிள்ளை வீட்டை விட்டுப் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. பெண்ணாகப் பெற்று வளர்த்த பிள்ளை. "நான் பையன்ப்பா. எனக்கு எப்பவும் அப்படித்தான் இருக்கு" என்று சொன்னது. "இந்த வீட்டுல இருந்தா பொண்ணா இரு" என்றாள் என் மனைவி. விடிந்து பார்த்தால் பாய் காலி. மலைக்குப் போகும் ஜீப்பில் அது ஏறியதைப் பக்கத்து வயல்காரர் பார்த்திருக்கிறார்.

எங்கள் ஊர் சிலமலையிலிருந்து போடிக்கு வந்து, ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் பெண்கள் போகும் ஜீப்பில் நானும் ஏறினேன். மகளைத் தேடுகிறேன் என்று அடையாளம் சொன்னேன்.

"கிராப்பு வெட்டுன பொண்ணா? அப்படி யாரும் வரலண்ணே" என்றாள் ஒருத்தி.

"வந்திருந்தா இவ பேசியே வெரட்டிருப்பா" என்றாள் இன்னொருத்தி. ஜீப்பே சிரித்தது. நான் வளைவுக்கு வளைவு பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தேன். கெட்ட நினைப்பாகவே வந்தது.

போடிமெட்டுக்கு மேலே தோட்டம் தோட்டமாகக் கேட்டேன். "எம் மகளைப் பாத்தீகளா?" எங்கேயும் இல்லை.

கால் ஓய்ந்து டீக்கடையில் உட்கார்ந்தபோதுதான் அந்தப் பிள்ளை திரும்பத் திரும்பப் படிக்கும் பழைய நாவல் ஞாபகம் வந்தது. சுனையில் இறங்குவது ராஜா மகள். கரையேறுவது ஆண். அதுவரை 'அவள்' என்று எழுதியவர் அடுத்த வரியிலிருந்து 'அவன்' என்று எழுதியிருப்பார். எட்டாவது வரைக்கும்தான் படித்த நான் அச்சுப்பிழை என்று நினைத்து, 'ன்' வந்த இடத்தில் எல்லாம் பேனாவால் 'ள்' போட்டு வைத்தேன்.

"பிழை இல்லப்பா. கரையேறுனது யாருன்னு எழுதுனவருக்குத் தெரியும்" என்றது பிள்ளை அன்றைக்கு.

டீயை வைத்துவிட்டு எழுந்தேன். அடுத்த தோட்டத்து வாசலில் மலையாளக் கங்காணி ஒருவர் நின்றார்.

"எம் மகனைத் தேடி வந்திருக்கேன். புதுசா சோலிக்குச் சேந்திருப்பான்." நாக்கு தடுமாறியது.

"மோனா, மகனா? ஒரு பையன் உண்டு. ஸ்டோர்ல விறகு போடுறான். நல்ல பணிக்காரன்."

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் புகைக்குள்ளிருந்து வந்தான். முகமெல்லாம் கரி. உயிரோடு இருந்தான்.

"வெரசா கெளம்பு அப்பு, வீட்டுக்குப் போவோம்."

"அம்மா என்ன சொல்லுச்சு?"

பொய் வாய்வரை வந்தது. சொல்ல முடியவில்லை. "இன்னும் மனசு எறங்கலய்யா."

"அப்ப நான் அங்க வந்து யாரா இருக்கது?"

அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே போகும் கடைசி ஜீப்பு ஹாரன் அடித்தது. நான் கையை விடவில்லை. மறுபடியும் அடித்தது.

"போங்கப்பா, ஜீப்பு போயிரும்" என்று அவன்தான் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டான்.