அறுபதுக்கு நாப்பது

கடலூர் மஞ்சக்குப்பத்துல காபிப்பொடிக் கடை வச்சிருக்கிறவ நான். கொட்டைய வறுத்து, அரைச்சு, சிக்கரி கலந்து விக்கிற சின்னக் கடை. மாமனார் ஆரம்பிச்சது. வீட்டுக்காரரு ரயில்வே வேலைக்குப் போயிட்டாரு, அதனால முப்பது வருசமா நான்தான் பார்த்துக்கறேன். காபி எண்பது, சிக்கரி இருபதுன்னு செவுத்துல போர்டே எழுதி மாட்டியிருக்கோம். அந்த எண்பதை ஒருநாள் நானே அறுபதாக்கினேன். சொல்றதுக்கு வெக்கமா இருக்குது. நடுவுல கொஞ்சம் வளவளன்னு பேசினா பொறுத்துக்குங்க.

கொட்டை விலை தாறுமாறா ஏறிச்சு. ஏன்னு மொத்த வியாபாரியக் கேட்டா, "பிரேசில்ல மழை இல்லீங்க, வியட்நாம்லயும் சரியில்லீங்க"ங்கிறாரு. கடலூர்ல எத்தினி தடவ புயல் அடிச்சிருக்குது, பிரேசில்ல ஒருத்தனாவது அதுக்காகக் காபிய மாத்திக் குடிச்சானா? விலைய ஏத்தினா ஜனம் பாக்கெட் பொடிக்குப் போயிடும். ஏத்தலேன்னா எனக்குக் கட்டாது. சிக்கரி சல்லிசு. ஒரு கை கூடப் போட்டேன், அவ்வளவுதான். போர்ட மட்டும் மாத்தல.

மனசு உறுத்தாம இருக்க நான் பண்ணின வேலை இருக்கே! பொண்ணோட போன வாங்கி ஊர் உலகத்துக் காபியெல்லாம் பார்த்தேன். துருக்கிக்காரன் மண்டியோட குடிக்கிறானாம். இத்தாலியில நின்ன நெலையில ஒரே மொடக்காம். எத்தியோப்பியாவுல உப்பு போட்டுக் குடிக்கிறவங்களும் உண்டாம். பிரான்ஸ்ல சிக்கரி போட்டே குடிச்சுப் பழகியிருக்காங்களாம். அட, வெள்ளக்காரனே குடிக்கிறான், கடலூரான் குடிச்சா என்னான்னு எனக்கு நானே தீர்ப்பு சொல்லிக்கிட்டேன். வாடிக்கைக்காரங்க யாரும் கண்டுபிடிக்கல. ரெண்டு பேரு, "இப்பதான் டிகாஷன் திக்கா எறங்குது"ன்னு பாராட்டிட்டே போனாங்க.

ஒரே ஒருத்தவங்க கண்டுபிடிச்சாங்க. எங்க பங்குக் கோயில் பள்ளிக்கூடத்துல டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனவங்க. வீட்டுக்காரர் இல்ல, மக சிதம்பரத்துல, இவங்க இங்க தனியா. வாரா வாரம் கால் கிலோ வாங்குவாங்க. ஞாயித்துக்கெழம பூசையில பைபிள்லேர்ந்து மொத வாசகம் வாசிக்கிறது அவங்கதான். மைக் இல்லாட்டியும் கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்குற குரல். அன்னிக்கு கடைப்படியில நின்னு அந்தக் குரல்லயே கேட்டாங்க: "என்னாம்மா, பொடிய மாத்திட்டியா? கறுப்பா எறங்குது. நுனி நாக்குல இனிக்குது, அப்புறம் கசப்பு ஒட்டிக்குது."

கடையில நாலு பேரு நிக்கிறாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சொல்வாங்க, என்னுது குறுகுறுக்கல, குரைச்சுது. "முப்பது வருசமா அதே மிஷின், அதே கை டீச்சர். பொடியில ஒண்ணும் மாறல. உங்க வாய்லதான் ஏதோ கோளாறு. வயசாகுதில்ல, ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க"ன்னுட்டேன். நின்ன நாலு பேரும் சிரிச்சாங்க. டீச்சரும் சிரிக்கப் பார்த்தாங்க, சிரிப்பு வரல.

ஏன் வரலேன்னு எனக்குத் தெரியும். அதுதான் இதுல அசிங்கம். அவங்க அக்காவுக்கு ஞாபகம் போயி, பெத்த புள்ளையையே யாருன்னு கேட்டு, அப்படியே செத்துப் போனாங்க. அது மொதமொதல்ல ஆரம்பிச்சது வாய் ருசியில. உப்பு போட்ட கொழம்புல உப்பே இல்லேம்பாங்களாம். சாவு வீட்டுல டீச்சரே என் கையப் புடிச்சுக்கிட்டு, "எனக்கும் இப்படி ஆயிடுமோன்னு பயமா இருக்கும்மா"ன்னு சொன்னாங்க. அது தெரிஞ்சவதான் அந்த வார்த்தையச் சொன்னேன்.

ரெண்டு நாள் கழிச்சு பிளாஸ்க்ல காபியோட வந்தாங்க. மத்தியானம், கடையில ஆளில்ல. மூடியில ஊத்தி நீட்டினாங்க. "கோவிச்சுக்காதம்மா. நீ குடிச்சுப் பார்த்துச் சொல்லு. எனக்கு மட்டும்தான் இப்படித் தெரியுதான்னு தெரிஞ்சுக்கணும்."

குடிச்சேன். அவங்க சொன்னது அத்தனையும் அதுல இருந்துச்சு. அந்த இனிப்பு, ஒட்டுற கசப்பு, எல்லாம். அவங்க நாக்கு தராசு மாதிரி நிறுத்துச் சொல்லியிருக்குது. அப்பவாவது உண்மையச் சொல்லியிருக்கலாம், கடையில ஒரு ஈ காக்கா இல்ல. மொத நாள் பேசின வாய் தடுத்துச்சு. "எப்பவும் போலத்தான் இருக்குது டீச்சர்"ன்னேன். அவங்க மூடியத் தொடச்சு, பிளாஸ்க்க மூடினாங்க. "அப்ப எனக்குத்தான்"ன்னாங்க. கால் கிலோவும் வாங்கிட்டுப் போனாங்க.

அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் கோயில்ல காதுல விழுந்தது. டீச்சர் சமைக்கிறத விட்டுட்டாங்களாம். கேஸ மூடினோமான்னு நாலு தடவ எழுந்து பார்க்கிறாங்களாம். வரி மாறிப்போயிடும்னு பயந்து வாசகம் வாசிக்க மாட்டேன்னுட்டாங்களாம். மக வந்து சிதம்பரத்துக்குக் கூட்டிட்டுப் போயி பெரிய டாக்டர்கிட்ட காட்டியிருக்கா. அவரு ஒண்ணுமில்லேன்னு சொல்லியிருக்காரு. "எங்க அக்காவுக்கும் மொதல்ல அப்படித்தான் சொன்னாங்க"ன்னு டீச்சர் நம்பலையாம். கடலூர் வீட்ட வாடகைக்கு விட்டுட்டு மகளோடயே தங்கிட்டாங்க.

ஞாயித்துக்கெழம வாசகம் படிக்க ஒரு காலேஜ் பொண்ணு எழுந்துச்சு. முன் பெஞ்சுல இருந்த எனக்கே கேக்கல. அன்னிக்குப் பூசையில என்னால உட்கார முடியல. பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கலப்படத்தச் சொன்னேன், பொய்யச் சொன்னேன். சாமியார் எல்லாத்தையும் கேட்டுட்டு, "ஆண்டவர் மன்னிப்பார், ஆனா நீ போயி அந்தம்மாகிட்ட சொல்லணும்"ன்னாரு. ஆண்டவர்கிட்ட சொல்றது எவ்வளவோ சுலபம், அவருக்கு முன்னாடியே தெரியும்.

கலவைய மறுபடி எண்பதுக்குக் கொண்டாந்தேன், விலைய ஏத்தி எழுதினேன். பாதி வாடிக்கை போச்சு, போகட்டும். ரெண்டு பொட்டலம் கட்டினேன், எண்பது ஒண்ணு, அறுபது ஒண்ணு. சிதம்பரம் பஸ்ல ஏறினேன். ரெண்டையும் போட்டுக் குடுத்தா அவங்க நாக்கே அவங்களுக்குச் சாட்சி சொல்லும்னு கணக்கு.

கீழ வீதிக்குப் பக்கத்துல மக வீடு. டீச்சர் எளைச்சிருந்தாங்க, ஆனா என்னைப் பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம். "என்னைத் தேடிக்கிட்டு இவ்வளவு தூரம் வந்தியாம்மா?"ன்னு பக்கத்துல உக்கார வச்சாங்க. நான் சுத்தி வளைக்கல. "டீச்சர், பொடிய நான்தான் மாத்தினேன். சிக்கரிய ரெண்டு மடங்காக்கினேன். நீங்க கேட்டப்ப பொய் சொன்னேன். உங்க நாக்குல ஒரு கோளாறும் இல்ல"ன்னேன். சொல்றப்பவே அழுதுட்டேன்.

டீச்சர் என் கையத் தட்டிக் குடுத்தாங்க. மகளைக் கூப்பிட்டு, "பாருடி, நான் தேறணும்னு பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்கறா. இந்தக் காலத்துல யாரு இப்படி இருக்காங்க?"ன்னாங்க. மக என்னையே பார்த்தா. அவளுக்குப் புரிஞ்சுபோச்சு. "அம்மா, அவங்க நெஜமாத்தான் சொல்றாங்க"ன்னா. டீச்சர் சிரிச்சாங்க. "நீங்க ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டீங்களா?"

சமையக்கட்டுக்குப் போயி ரெண்டு பில்டர்ல டிகாஷன் எறக்கினேன். ஒரே பால், ஒரே சர்க்கரை. ரெண்டு டம்ளரையும் கொண்டாந்து முன்னால வச்சேன். மக பக்கத்துல நின்னா.

மொத டம்ளர்ல ஒரு வாய் குடிச்சாங்க, எண்பது. மொகம் தெளிவா இருந்துச்சு. அடுத்த டம்ளர்ல ஒரு வாய். புருவம் சட்டுன்னு சுருங்குச்சு. கடைப்படியில நின்னு கேட்ட அன்னிக்கும் இப்படித்தான் சுருங்கியிருந்துச்சு. தெரிஞ்சுடுச்சு, அவங்களுக்குத் தெரிஞ்சுடுச்சு! சொல்லுங்க டீச்சர், வாயத் தொறந்து சொல்லுங்கன்னு நான் மனசுக்குள்ள கத்தறேன்.

அவங்க டம்ளர மெதுவாக் கீழ வச்சாங்க. என் மொகத்தையே பார்த்தாங்க, விடை அங்க எழுதியிருக்குமான்னு தேடற மாதிரி.

"ரெண்டும் ஒண்ணாத்தானேம்மா இருக்குது?"ன்னு என்னைக் கேட்டாங்க.