என் மலை என்று சொல்லிவிட்டேன்

இங்கே வகுப்பில் யாரும் முதலில் பெயரைச் சொல்வதில்லை. தத்துவ ஆய்வுக்காக நியூசிலாந்து வந்து சேர்ந்த முதல் வாரம், அரோஹா என்ற மாவோரிப் பூர்வகுடிப் பெண் எழுந்து முதலில் தன் மலையைச் சொன்னாள். பிறகு ஆறு, பிறகு முன்னோர். பெயர் கடைசியில் வந்தது. பெபேஹா என்று அதற்குப் பெயராம். ஒருத்தி தன்னை அறிமுகம் செய்துகொள்வதே ஒரு தத்துவ வாதம் என்று அவள் பேசப் பேச, பேராசிரியர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது. என் ஆய்வையும் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று அந்த நிமிடமே தோன்றிவிட்டது.

அடுத்து என் முறை. நான் வாயைத் திறப்பதற்குள் பேராசிரியர் என் இடது காலைத் தாங்கும் இரும்புக் காலிப்பரைப் பார்த்துவிட்டு, "நீ உன் உடலிலிருந்து எழுதலாமே" என்றார், மிகவும் கனிவாக. அவளுக்கு மலை கிடைத்தது, எனக்குக் கால்.

நம் பக்கம் பஸ்ஸில் ஒருவர் ஊரைக் கேட்டால் அடுத்துத் தெருவைக் கேட்பார். தெருவைச் சொன்னதும் அவர் முகம் மாறும், அல்லது மாறாது. அதிலும் பெண் என்றால் ஊரே தற்காலிகம்தான். வேப்பந்தட்டையில் என் தங்கையைப் பார்ப்பவர்களெல்லாம், "இவ இன்னொரு வூட்டுக்குப் போறவ" என்பார்கள். என்னைப் பார்த்தால், "இது இங்கயேதான் கெடக்கும், பாவம்." காலால் எனக்கு ஊர் நிரந்தரமாயிற்று. போகிறவள் என்ற தங்கை பக்கத்து அரியலூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள்; கிடப்பவளான நான் கடல் தாண்டிவிட்டேன். இந்தக் கணக்கை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இதை எழுதினாலே போதும் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு மலை வேண்டியிருந்தது.

ஆகவே அடுத்த கருத்தரங்கில் எழுந்து நின்று, "பச்சைமலை என் மலை" என்று தொடங்கினேன். கைதட்டினார்கள். தேநீர் இடைவேளையில் அரோஹா வந்து, "அந்த மலையில் உனக்கு யார் உறவு?" என்று கேட்டாள்.

"எங்கள் தெருவிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும்" என்றேன்.

அவள் சிரித்தாள். "அப்படியானால் உங்கள் தெருவில் காட்சி அழகாக இருக்கும்."

பாராட்டு என்று நினைத்து நன்றி வேறு சொன்னேன். அந்தப் பெருமையிலேயே நான் பேசிய காணொளியைக் கௌசல்யாவுக்கு அனுப்பினேன். கௌசல்யா பச்சைமலைக்காரி. பெரம்பலூர்க் கல்லூரியில் நாங்கள் ஒன்றாகப் படித்தபோது மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வருவாள். வேப்பந்தட்டையில் பஸ் மாறி என்னோடு ஏறுவாள். மாற்றுத்திறனாளி இருக்கையில் எனக்குத் துணை என்று சொல்லி அவளும் உட்கார்ந்துகொள்வாள். "உன் காலால எனக்கு சீட்டு, என் மலையால உனக்குப் பலாப்பழம்" என்பாள். இப்போது மலைமேலேயே பள்ளிக்கூட டீச்சர்.

பார்த்தவுடன் போனில் கூப்பிட்டாள்.

"ஏன்டி, பச்சமல எப்பலேருந்து உன் மலையாச்சு?"

"சும்மா ஒரு தொடக்கத்துக்குச் சொன்னேன்டி."

"பலாப்பழம் தின்னா மலையே உன்னுதாயிடுமா? மலைக்காரப் புள்ளகூட ஒக்காராதன்னு உங்க தெரு ஆளுங்க சொன்னப்ப அது யாரு மலையா இருந்துச்சு?"

கடைசியில் உண்மையைச் சொன்னேன். "அந்தப் பொண்ணு மலையச் சொன்னா எல்லாரும் கேக்கறாங்க கௌசி. எனக்குப் பொறாமையா இருந்துச்சு."

"உனக்கே பொறாமைன்னா எனக்கு எப்படி இருக்கும்? நான் எங்க போயி எங்க மலையச் சொல்றது? இங்க சொன்னா, போயி கணக்குப் பாடத்த எடுங்க டீச்சர்ங்கறாங்க. எங்க பேர நீ போயி அங்க சொல்லிக் கைதட்டு வாங்குற. மலைய விட்டுரு. நீ உன் காலப் பத்தி எழுது."

பேராசிரியர் சொன்னதும் இதைத்தான். அவர் சொன்னபோது கோபம் வந்தது. இவள் சொன்னபோது பயம் வந்தது. தோழியே போய்விடுவாள் போலிருந்தது.

"அப்ப நீயே வந்து சொல்லு" என்றேன். "ரெண்டு பேரும் சேந்து கருத்தரங்குல ஒரு கட்டுரை படிப்போம். மேலேருந்து நீ, கீழேருந்து நான். தெரு ஆளுங்க சொன்னதையும் போடுவோம்."

அவள் உடனே நிபந்தனை போட்டாள். "எம் பேரு மொதல்ல வரணும்."

"சரி."

"அதுக்கும் வயிறு எரியுதா?"

"எரியுது."

"எரியட்டும்" என்றாள். அவள் குரலில் சிரிப்பு வந்துவிட்டது.

பேராசிரியரைக் கேட்டுவிட்டேன். அடுத்த மாதக் கருத்தரங்கில் அவள் திரையில் பேசுவாள். பள்ளிக்கூடத்துப் பக்கம் சிக்னல் கிடையாது. வேப்பந்தட்டையைப் பார்த்திருக்கும் பாறை விளிம்புக்கு வந்தால்தான் கிடைக்கும், அதுவும் எங்கள் ஊர் டவரிலிருந்து. பேசி முடித்ததும் போனைக் கீழ்ப்பக்கம் திருப்பிக் காட்டச் சொல்லியிருக்கிறேன். நான் ஒருநாளும் மேலே ஏறியதில்லை. மக்காச்சோளக் கொல்லைகளுக்கு நடுவே தெரியும் புள்ளிகளில் என் ஊர் எது என்று அவள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.