ஃப்ரிட்ஜில் ஊசி, புஜைராவில் வீட்டுக்காரர்

குழந்தைக்காக ட்ரீட்மென்ட் எடுத்துக்கொள்வது ஒரு முழுநேர உத்தியோகம். சம்பளத்தை மட்டும் நாம்தான் கொடுக்க வேண்டும். வளைகுடாவில், அல் குசைஸில் ஒரு கம்பெனியில் அக்கவுன்டன்ட் என்பது எனக்குப் பக்க வேலை. வீட்டுக்காரர் செந்தில் புஜைராவில், எண்ணெய் டாங்குகள் நிற்கும் இடத்தில் பைப் சூப்பர்வைசர். அங்கே கேம்ப் வாசம், வாரக் கடைசியில்தான் வீடு. கல்யாணமாகி எட்டு வருஷம். இந்த லட்சணத்தில் எங்களுக்குக் குழந்தை வேண்டும். க்ளினிக்கில் டோக்கனைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததா!

சாட்சி

இரண்டு பேருக்கும் தனித்தனி வேலை விசா என்பதால், கல்யாண சர்ட்டிஃபிகேட்டுக்கு இங்கே வேலையே வந்ததில்லை. க்ளினிக்கில் முதல் கேள்வியே அதுதான். அட்டெஸ்ட் செய்து சீல் குத்தியிருக்க வேண்டுமாம். செந்தில் விடுவாரா? போனை எடுத்து, விருதுநகர் மண்டபத்தில் எடுத்த படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். தாலி கட்டும் படத்தில் நிறுத்தி, "இதுக்கு மேல என்னம்மா சாட்சி வேணும்?" என்றார். ரிசப்ஷனில் இருந்த மலையாளப் பெண் பொறுமையாகக் கடைசிவரை பார்த்தாள். பந்தியைக்கூட விடவில்லை.

"எல்லாரும் நல்லா சிரிக்கறாங்க சேட்டா. சீல் எவிடே?"

சின்ன அறை

ஆண்களுக்கு இந்த உத்தியோகத்தில் ஒரே ஒரு டூட்டி. கையில் டப்பாவைக் கொடுத்து ஒரு சின்ன அறைக்குள் அனுப்பிவிடுவார்கள். உள்ளே போன செந்தில் வெகு நேரமாகியும் வரவில்லை. நான் யாரோ எவரோ போல முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்தபோது மனிதர் முகத்தில் ஈயாடவில்லை.

உள்ளே இருக்கும்போது மேனேஜர் போன் செய்திருக்கிறார். பழக்கதோஷம், எடுத்துவிட்டார். "எங்கய்யா இருக்கே?" என்று கேட்டதற்கு, "முக்கியமான வேலையில இருக்கேன் சார், முடிஞ்சிடும்" என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் வொர்க்‌ஷாப்பில் எந்த வேலை முடிந்தாலும் வாட்ஸப் குரூப்பில் படம் போட்டாக வேண்டும். மேனேஜர் சட்டம் தவறாதவர்.

"முடிச்சதும் மறக்காம குரூப்புல போட்டோ போட்டுடு."

டிபன் டப்பா

எங்கள் ஃப்ளாட்டில் பாதி எங்களுக்கு, பாதி திருநெல்வேலிக் குடும்பத்துக்கு. கிச்சனும் ஃப்ரிட்ஜும் பொது. க்ளினிக்கில் கொடுத்த ஊசிகளை ஒரு டிபன் டப்பாவில் போட்டு, இட்லி மாவுக்குப் பின்னால் ஒளித்திருந்தேன். அந்தக் குடும்பத்துப் பேச்சியம்மா அக்கா கண்ணில் எது தப்பும்? திறந்து பார்த்துவிட்டு, எனக்குச் சர்க்கரை வியாதி என்று தானே முடிவு கட்டிவிட்டார். நானும் மறுக்கவில்லை, உண்மையைச் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது. அன்றிலிருந்து எனக்குப் பாகற்காய்தான். ஒருநாள் பொரியலைத் தட்டில் வைத்துவிட்டு, என் தலையைத் தடவி ஆறுதல் சொன்னார்.

"கவலப்படாத தாயி. ஒரு புள்ளையப் பெத்துப் போடு, சுகரு தன்னால ஓடிரும்."

வாட்

முதல் முறை வைத்த கரு தங்கவில்லை. நர்ஸ் போனில் சொன்னபோது நான் ஆபீஸில், வாட் வரிக் கணக்கின் நடுவில் இருந்தேன். பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். என் உடம்பின் மேலேயே எனக்கு அப்படி ஒரு கோபம். எங்கள் சீஃப் அக்கவுன்டன்ட் நாடியா மேடம் எகிப்துக்காரி. என்ன, ஏது என்று கேட்கவில்லை. டிஷ்யூ டப்பாவைக் கதவுக்கு அடியில் தள்ளப் பார்த்தாள். டப்பா நுழையவில்லை. ஒவ்வொரு காகிதமாக உருவி அனுப்பினாள்.

"லஞ்ச் வரைக்கும் அழு. அப்புறம் கலாஸ், போதும், வாட்டை முடிக்கணும், யல்லா."

கேட்

மிச்சம் இருந்தது ஒரே ஒரு கரு. இதுவும் இல்லையென்றால் நிறுத்திவிடலாம் என்று பேசி முடித்தோம். பேசும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அதையும் வைத்து, ரிசல்ட் வந்த நாளில் செந்தில் டாங்க் மேல் இருந்தார். டாங்க் பக்கம் மட்டும் போனுக்கு அனுமதி இல்லை. கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். நான் விடாமல் அடித்ததில், கேட்டில் இருந்த மட்டக்களப்புத் தம்பி பயந்துபோய் எடுத்தார். "நல்லதோ கெட்டதோ எண்டு மட்டும் சொல்லுங்கோ அக்கா, நான் வாக்கி டாக்கியில சொல்லி விடுறன்" என்றார். "ஆஸ்பத்திரியிலேர்ந்து நல்ல சேதி தம்பி" என்றேன். கரகரவென்ற இரைச்சலில் அந்தச் சேதி மலையாளத்திலும் இந்தியிலும் கைமாறிப் போவது கேட்டது. பதிலுக்காகப் போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றேன். உயிர் போய் வந்தது எனக்கு. ஒருவழியாகத் தம்பி திரும்ப வந்தார்.

"விளங்கிட்டு எண்டு சொன்னவராம் அக்கா. ஆனா டாங்க் படியிலயே குந்திட்டாராம், எழும்புறார் இல்லையாம்."

ஆக, ஒரே வீட்டில் இருக்கும் பேச்சியம்மா அக்காவுக்குக்கூடச் சொல்லாமல் நாங்கள் பொத்திப் பொத்தி வைத்த சங்கதி, என் மாமியார் காதுக்குப் போவதற்கு முன்னால் புஜைராவில் வாக்கி டாக்கி வைத்திருந்த அத்தனை பேருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.