கல்யாண வீடியோவின் வலது பக்கம்

போன வாரம் செல்வி ஒரு பென் டிரைவோடு வந்தாள். எங்கள் தெருக்காரி. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு பக்கம் பட்டன், ஜிப், லைனிங் துணி விற்கும் கடை அவளுடையது. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“அண்ணாச்சி, என் கல்யாண வீடியோவ நெட்ல ஏத்துனேன். சத்தத்தையே எடுத்துட்டாவ. உரிமை என்கிட்ட இல்லையாம். என் கல்யாணத்துக்கு வேற யாருக்கு உரிமை இருக்கு?”

நியாயமான கேள்விதானே?

விஷயம் இதுதான். நம் பக்கத்தில் கல்யாண வீடியோ என்றால் முதலிலிருந்து கடைசி வரை சினிமாப் பாட்டு. பெண் அழைப்புக்கு ஒன்று, தாலி கட்டுக்கு ஒன்று, பந்திக்குக்கூட ஒன்று. எல்லோரும் வாயசைப்பார்கள்... யார் குரலும் கேட்காது. வீடியோ தளத்தின் கம்ப்யூட்டர், இரண்டு வரி கேட்டதுமே பாட்டின் சொந்தக்காரரைக் கண்டுபிடித்து மொத்த வீடியோவையும் ஊமையாக்கிவிட்டது.

“பாட்டு போனா போகட்டும். அப்பா பேசுனது எங்கயாவது இருக்கான்னு பாருங்க. தம்பி கேக்கான்.”

தம்பி முருகேசன் மஸ்கட்டில் இருக்கிறான். அக்காவுக்குக் கல்யாணம் ஆகும் முன்பே காதல் கல்யாணம் செய்துகொண்டவன். அன்றோடு அப்பா அவனிடம் பேச்சை நிறுத்தினார். கடைசி வரை பேசவில்லை. நாலு மாதம் முன்பு அவர் இறந்தபோது லீவு கிடைக்காமல் அவனால் வர முடியவில்லை. பட்டன் போன் வைத்திருந்த மனிதர். அவர் குரலைப் பதிவு செய்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை. மிச்சம் இருப்பது பத்து வருடத்துக்கு முந்தைய இந்த வீடியோ ஒன்றுதான்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் கிறுக்கு தெரியும். சாஃப்ட்வேரைக் காசு கொடுத்து வாங்க மாட்டேன். கொள்கை என்கிறேன் நான். கஞ்சத்தனம் என்கிறாள் மனைவி. யார் யாரோ உட்கார்ந்து எழுதி, ‘எடுத்துக்கொள், உள்ளே எப்படி வேலை செய்கிறது என்றும் பார்த்துக்கொள்’ என்று உலகத்துக்கே திறந்து வைத்திருக்கும் மென்பொருள்களோடுதான் என் குடித்தனம். அதில் ஒன்று எஃப்எஃப்எம்பெக். அழுத்த பட்டன் கிடையாது, பார்க்கப் படம் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையை நாமே டைப் செய்ய வேண்டும். வீடியோவை வெட்டும், ஒட்டும், ஒலியைத் தனியாகப் பிரிக்கும்.

செல்வியின் வீடியோவைக் கொடுத்து, ஒலியை இடது ஸ்பீக்கருக்குப் போவது, வலது ஸ்பீக்கருக்குப் போவது என்று பிரிக்கச் சொன்னேன். பெரிய நம்பிக்கை ஒன்றும் இல்லை. இடது பக்கம் பாட்டு. வலது பக்கம்... ஒன்றுமே இல்லை போலிருந்தது. சத்தத்தை இருபது மடங்கு கூட்டினேன். பாத்திரம் விழுகிற சத்தம். குழந்தை அழுகை. அப்புறம் நாதஸ்வரம்.

வீடியோ எடுத்த ஸ்டுடியோக்காரருக்கு போன் போட்டேன்.

“ஆமா சார், அப்பல்லாம் ஒரு பக்கம் பாட்டு வைப்பேன், ஒரு பக்கம் கேமரா மைக். கெட்டிமேளம் லேசா கேக்கணும்லா? பெறவு தேவையில்லாத பேச்ச எல்லாம் அழிச்சிருவேன். முகூர்த்த சீசன் அவசரத்துல இதுக்கு மறந்துருப்பேன்” என்றார் சங்கடத்தோடு.

அந்த மறதி நன்றாக இருக்கட்டும்.

செல்வியை வரச் சொல்லி ஸ்பீக்கரில் போட்டேன். பனவடலிசத்திரத்து மண்டபம். மாப்பிள்ளைக்கு மோதிரம் போடும் இடம். பெண்ணோடு பிறந்தவன்தான் போட வேண்டும். முருகேசன் வந்திருந்தும் அப்பா அவனை மேடைக்கு அழைக்கவில்லை. சித்தப்பா மகன் போடுகிறான். அப்போது கேமராவுக்குப் பக்கத்திலிருந்து ஒரு கனத்த குரல். ஆள் படத்தில் இல்லை.

“ஏலே, அவன் எங்கன நிக்கான்?”

“அப்பா” என்றாள் செல்வி. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“பின்னால தூண் பக்கம் நிக்கான். கூப்பிடட்டுமாண்ணே?” இது சித்தப்பா.

பிறகு மறுபடியும் அப்பா.

“வேண்டாம்... சாப்பிடாம போயிரப் போறான். நீ போய் பந்தியில உக்கார வச்சிட்டு வா.”

அவ்வளவுதான். அதற்குள் யாரோ மைக்கை மறைத்துவிட்டார்கள். செல்வி அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள்.

“இதை அனுப்புனா சந்தோஷப்படுவானா, உடைஞ்சு போவானா அண்ணாச்சி?”

உண்மையைச் சொன்னால், பயமாக இருந்தது. அப்பா தன்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று பத்து வருடமாக நம்பிக்கொண்டிருப்பவனிடம் இதைக் கொடுப்பதா? கொடுக்காமல் இருப்பதா? குரலைப் பிரித்தெடுக்கக் கட்டளை இருக்கிறது. இதற்கு என்ன டைப் செய்ய?

கடைசியில் அவளே சொன்னாள். “அவன் கேட்டது அப்பா குரலத்தான. நாம யாரு அத ஒளிச்சு வைக்க?”

இப்போது பாட்டு இல்லை, நெட்டில் தாராளமாகப் போடலாம் என்றேன். “ஊருக்கு எதுக்கு? அவனுக்கு மட்டும் போதும்” என்றாள். என் பழைய லேப்டாப்பில், அதேபோல் யாரோ எழுதிக் கொடுத்த, நம் வீட்டிலிருந்தே வீடியோவை நெட்டில் காட்டும் ஒரு மீடியா சர்வர் ஓடுகிறது. அதில் ஏற்றி, ஒரே ஒரு ஆளுக்கு லிங்க் அனுப்பினேன்.

எதையாவது போட்டுவிட்டு எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எட்டி எட்டிப் பார்க்கும் வியாதி எனக்கும் உண்டு. மறுநாள் மத்தியானம் பார்த்தேன். பார்த்தவர் ஒருவர். முப்பத்தொரு தடவை.

எந்த நாட்டிலோ உட்கார்ந்து அந்த மென்பொருளை எழுதியவரை நினைத்துக்கொண்டேன். அவருக்கு முருகேசனையும் தெரியாது, அவன் அப்பாவையும் தெரியாது. கூலி கேட்காமல் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கும்பிட வேண்டும் போலிருந்தது.

சாயங்காலம் கடைப் பக்கம் போனபோது, செல்வி போனை நீட்டினாள். தம்பியின் மெசேஜ்.

“அன்னைக்கு சித்தப்பா வந்து சாப்பிடக் கூப்பிட்டாவ. அப்பா சொல்லி அனுப்புனதுன்னு தெரியாம, சாப்பிடாமலே போயிட்டேன்க்கா.”