அண்ணனோடு சண்டை போடப் போனேன்

நெஞ்சுவலி வந்து, ஸ்டென்ட் வைத்து, வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. என் மனைவியிடம்தான் சொன்னார். "கோபம் மட்டும் வராம பாத்துக்கோங்கம்மா. இவர் கத்தினா பிரஷர் எகிறும், ரத்தக்குழாய் சுருங்கும். இந்த இதயம் தாங்காது." நான் அந்த அறையிலேயே இல்லாததுபோலப் பேசினார்கள்.

அன்றோடு திருமுல்லைவாயில் ஃப்ளாட்டில் சத்தம் நின்றது. சாம்பாரில் உப்பில்லை என்றால் மனைவி "ஆமாங்க" என்பாள். உப்பு சரியாகத்தானே இருக்கிறது என்றாலும் "ஆமாங்க". தண்ணீர் லாரி ஏன் வரவில்லை என்று கேட்டால் பதிலே வராது. செய்தி சேனலைக் கண்ணில் காட்டவில்லை. மகள் செருப்பைக்கூட ஓசைப்படாமல் கழற்றினாள். எனக்குப் பயமாக இருந்தது. ஆஸ்பத்திரியிலேயே நான் செத்துப்போய், என் படத்தைச் சுற்றித்தான் இவர்கள் நடமாடுகிறார்களோ என்று பட்டப்பகலில் தோன்றும்.

சண்டை போட எனக்கு மிச்சம் இருந்தது அண்ணன் ஒருவன்தான். ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் ஒன்றாக வளர்ந்து, ஒன்றாகக் கத்தப் பழகியவர்கள் நாங்கள். நெமிலிச்சேரியில் வீடு கட்டிக்கொண்டு போன பிறகும் ஞாயிறு தவறாமல் போன் செய்வான். "இன்னாடா, உயிரோட கீறியா?" என்று ஆரம்பித்து, அரசியலிலோ கிரிக்கெட்டிலோ முட்டிக்கொண்டு, "வைடா போனை" என்று முடிப்பான். அப்பேர்ப்பட்டவன் என்னை வந்து பார்க்கவே இல்லை. போனும் ஸ்விட்ச்ட் ஆஃப். "காசிக்குப் போயிருக்காங்க" என்றாள் மனைவி. தம்பி சாகக் கிடக்கும்போது இவனுக்கென்ன காசி? பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

ஒருநாள் காலை, வாக்கிங் என்று சொல்லிவிட்டு ரயில் ஏறிவிட்டேன். காசியாவது மண்ணாவது, இந்நேரம் திரும்பியிருப்பான். வழியெல்லாம் அவனை மனசுக்குள் கிழித்துத் தொங்கவிட்டேன். ஆவடி தாண்டியதும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அடித்தால் அடிக்கட்டும், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்காமல் திரும்புவதில்லை. உண்மையைச் சொன்னால், ரொம்ப நாளைக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தது.

அவன் தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர் என்னைப் பார்த்ததும் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "இன்னா சார், ஒடம்பு தேவலையா? அண்ணாத்த சாவுக்கு உன்னக் காணோமேன்னு கேட்டேன். நீ ஆஸ்பத்திரில கீறன்னாங்க."

ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம் மனைவி ஈரத்தலையோடு வந்து நின்றது நினைவுக்கு வந்தது. வெயில் தாங்கலை, தலைக்கு ஊத்திக்கிட்டேன் என்றிருந்தாள்.

அண்ணிதான் கதவைத் திறந்தாள். என்னைக் கண்டதும் அழவில்லை. பதறிப்போய்க் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். "கோபப்படாதீங்க தம்பி. மெதுவா மூச்சு விடுங்க." புருஷனைப் பறிகொடுத்தவள் என் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணி சொல்லச் சொல்லத்தான் தெரிந்தது. அவன் வந்திருக்கிறான். என்னைச் சேர்த்த அன்றைக்கே வந்திருக்கிறான். பார்க்கும் நேரம் முடிந்துவிட்டது என்று செக்யூரிட்டி மேலே விடவில்லை. இவன் சும்மா விடுவானா? "என் தம்பி உள்ள கீறான்டா, வயி வுடுடா" என்று கத்தியிருக்கிறான். கத்திக்கொண்டே படிக்கட்டில் உட்கார்ந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். டாக்டர்கள் ஓடிவந்தும் பலனில்லை. அந்தப் படிக்கட்டுக்கு மேலேதான் நான் படுத்திருந்தேன்.

அண்ணி தண்ணீர்ச் சொம்பை என் கையில் கொடுத்தாள். பிறகு கேட்டாள்: "அவர் வாயைத் திறந்தா தெருவுக்கே கேக்குமே. உங்களுக்குக் கேட்டுதா தம்பி?"

"கேட்டுச்சு அண்ணி" என்றேன்.

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள்.

மருந்து மயக்கத்தில் கிடந்தவனுக்கு என்ன கேட்கும்? அன்றைக்கு எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. இப்போதுதான் கேட்கிறது.