முதல் ரீலைப் பார்க்கப் போன கதை

கல்யாணமாகி உத்திரமேரூருக்கு வந்த நாலு வருஷத்தில் டூரிங் கொட்டகையில் இருபது படமாவது பார்த்திருப்பேன். எழுபதுகளின் கடைசி அது. அந்த இருபதில் ஒன்றுக்கும் ஆரம்பம் பார்த்ததில்லை. நான் மட்டுமல்ல, எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் பார்த்ததில்லை.

காரணம் சொன்னால் இப்போது சிரிப்பார்கள். கொட்டகையைச் சுற்றி வெறும் படுதாதான். வெளியே இருட்டினால்தான் திரையில் படம் தெரியும். இருட்டும்போதுதான் வீட்டிலும் விளக்கு ஏற்ற வேண்டும். விளக்கு வைக்கிற நேரத்தில் மருமகள் வாசலைத் தாண்டினால் லட்சுமியும் கூடவே போய்விடுவாள் என்பது என் மாமியார் வைத்த சட்டம். தெருவில் இருந்த எல்லா மாமியார்களுக்கும் அதே சட்டம்தான். ஆண்கள் வயலிலிருந்தும் ரைஸ் மில்லிலிருந்தும் நேராகக் கொட்டகைக்குப் போய் பீடி பற்ற வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அவர்கள் பின்னால் மட்டும் லட்சுமி போக மாட்டாள் போலிருக்கிறது. நாங்கள் விளக்கேற்றி, பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, ஏரிக்கரை வழியாக ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேரும்போது முதல் ரீல் முடிந்திருக்கும். கொட்டகையில் ஒரே மெஷின் என்பதால் ரீல் மாற்ற விளக்கைப் போடுவார்கள். அந்த வெளிச்சத்தில் உள்ளே நுழைந்து பெண்கள் பக்கத்து மணலில் இடம் பிடிப்போம்.

சாமிப் படம், சண்டைப் படம் என்றால் ஆரம்பம் பார்க்காததால் ஒன்றும் குடி முழுகிவிடாது. அந்தத் தடவை வந்தது கொலைப் படம். பட்டணத்தில் எப்போதோ ஓடிப் பெரிய பெயர் வாங்கிய பழைய கறுப்பு வெள்ளைப் படம். நாலே நாள்தான் என்று மாட்டு வண்டியில் தட்டி கட்டி நோட்டீஸ் வீசிக்கொண்டு போனார்கள்.

முதல் நாள் வழக்கம்போல ரீல் மாற்றும்போது போய் உட்கார்ந்தோம். எங்களுக்கு அந்தப் படம், மாலை போட்ட ஒரு பெண்ணின் போட்டோவோடு ஆரம்பித்தது. போலீஸ் விசாரிக்கிறது. புருஷன், புருஷனின் தம்பி, வேலைக்காரி, எல்லோரும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். செத்துப்போனவள் யார் பேச்சையும் கேட்க மாட்டாள், நினைத்த நேரத்துக்கு வெளியே போவாள், அன்றைக்கும் யாரையோ வரச் சொல்லி ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாள். அத்தனையும் நம்பினோம். கொன்றவன் அந்தத் தம்பிதான் என்று கடைசியில் பிடித்துக்கொண்டு போன பிறகும் எங்கள் தீர்ப்பு மாறவில்லை. திரும்பும் வழியில் பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள்: “அவ ஒழுங்கா இருந்திருந்தா அவன் ஏன் கொல்லப் போறான்? ஜன்னல தொறந்து வச்சிக்கினு இருந்தா இன்னா அர்த்தம்?”

நானும் ஆமாம் போட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

மறுநாள் காலை என் வீட்டுக்காரர் நாஷ்டா தின்றுகொண்டே தன் தம்பியிடம் படத்தைப் பற்றி அளந்துகொண்டிருந்தார்.

“மொத ரீலு போச்சின்னா படமே போச்சுடா. அந்தம்மா ஜன்னல சாத்திக் கொக்கி போடுது. நம்ம கண்ணால பாக்கறோம். அப்பால ஒரு கை வந்து தொறக்குது பாரு...”

தோசை திருப்பிக்கொண்டிருந்த நான் நின்றுவிட்டேன். “சாத்தினாளா?”

“சாத்திச்சே. நீயுந்தான பாத்த?”

“நான் எங்க பாத்தேன்?” என்றேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த தோசை கேட்டார்.

எனக்கு அன்றைக்கு முழுக்க வேலை ஓடவில்லை. ஒரு பெண்ணைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசியிருக்கிறோம், அவள் என்ன செய்தாள் என்று கண்ணால் பார்க்காமலே. அந்தப் பத்து நிமிஷத்தை நான் பார்த்தே தீர வேண்டும் என்று வைராக்கியம் வந்துவிட்டது. நாலு மணிக்கே மாட்டைக் கறந்து, சோறு வடித்து, குழம்பை இறக்கி வைத்தேன். ஐந்தரைக்கு மாமியார் முன்னால் போய் நின்றேன்.

“அத்தே, விளக்குல எண்ண ஊத்தித் திரி போட்டு வச்சிட்டேன். பொழுது போனா நீங்க ஏத்திடுங்க. நான் கொட்டாய்க்குப் போறேன்.”

“இன்னாடி சொல்ற? விளக்கு வைக்கிற நேரத்துலயா?”

“படமும் அந்த நேரத்துலதான் போடறான்.”

“போனின்னா திரும்பி இந்த வூட்ல கால் வைக்காத.”

“சரி” என்று சொல்லிவிட்டு நடந்தேன். எதற்குச் சரி சொன்னேன் என்பதே பாதி ஏரிக்கரை தாண்டிய பிறகுதான் உறைத்தது. ஆனாலும் திரும்பவில்லை.

டிக்கெட் கொடுப்பவர் ஏற இறங்கப் பார்த்தார். “தனியாவா வந்த?”

“ஏன், ரெண்டு டிக்கெட் வாங்கினாத்தான் படம் தெரியுமா?”

பெண்கள் பக்கம் முழுக்கக் காலி. அவ்வளவு மணலும் எனக்கே. நடுவில் இருந்த குட்டிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று முன்வரிசையில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

படம் ஆரம்பித்தது. பாட்டு இல்லை, பின்னணி இசைகூட இல்லை. ஒரு பங்களா. அந்தப் பெண் ஜன்னலைச் சாத்திக் கொக்கி போடுகிறாள். உள்ளே போய்ப் பாலை அடுப்பில் வைக்கிறாள். கூடத்தில் டெலிபோன் மணி. எடுத்தால் யாரும் பேசவில்லை, வைத்துவிட்டு அடுப்புக்கே போகிறாள். இப்போது மறுபடியும் ஜன்னலைக் காட்டுகிறான். கொக்கி கழன்று தொங்குகிறது. ஆளைக் காட்டவில்லை, நிழலைக்கூடக் காட்டவில்லை. கொக்கி உள்பக்கம் இருக்கிறது. அப்படியென்றால் வந்தவன் வெளியே இல்லை, வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. “அடியே, ஜன்னலப் பாருடி” என்று என் வாய்வரைக்கும் வந்துவிட்டது.

மறுபடியும் மணி. அவள் கூடத்துக்குப் போகிறாள். பாலைக் காட்டுகிறான். ஓரத்தில் நுரை கட்டுகிறது. படம் எடுத்தவன் சரியான கெட்டிக்காரன். கத்தியை நீட்டிப் பயமுறுத்தவில்லை. தினமும் நான் செய்கிற வேலையைக் காட்டியே என் உயிரை வாங்கினான். பால் பொங்குவதற்குள் அவள் வந்துவிட வேண்டும். அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று அடுப்படியில் நின்ற எவளுக்கும் தெரியும். அவன் அதற்கு மேலும் இழுத்தான். மணி நின்றுவிட்டது. பால் ஏறி, விளிம்பைத் தாண்டி, வழிந்து, அடுப்பை அணைத்தது. யாரும் வரவில்லை. ஒரு கத்தல்கூட இல்லை. அதற்கப்புறம்தான் என் வீட்டுக்காரர் சொன்ன கை வந்து ஜன்னலை அகலத் திறந்துவைத்துவிட்டுப் போனது. ஆண்களுக்கு அந்தக் கைதான் ஞாபகத்தில் இருந்தது. பாலைப் பற்றி ஒருத்தரும் சொல்லவே இல்லை.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. ரீல் மாற்ற விளக்கைப் போட்டார்கள். நேற்று வராத பெண்கள் சிலர் உள்ளே நுழைந்தார்கள். அவர்களுக்கு நடுவில் என் மாமியார், கொண்டை அவிழ, மூச்சிரைக்க. படம் பார்க்க வந்தவர் இல்லை, என்னை இழுத்துப் போக வந்தவர்.

“எழுந்து வாடி வூட்டுக்கு” என்றார், கொட்டகை முழுக்கக் கேட்கும்படி.

எழுந்தேன். ஆனால் போகவில்லை. வந்த பெண்களைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்: “இப்ப ஒரு போட்டோ காட்டுவான். அதுல கீற பொம்பள கெட்டவன்னு எல்லாரும் சொல்வாங்க. நம்பாதீங்க. அவ ஜன்னல சாத்திட்டா. பால் காய்ச்சிக்கினு இருந்தா. வூட்ல இருந்தவனே கொன்னுட்டு, ஜன்னலத் தொறந்து வச்சான்.”

“உக்காரும்மா, படம் போடணும்” என்று சுவருக்கு அந்தப் பக்கம் கூச்சல். “நீங்கள்லாம் பாத்துட்டீங்க இல்ல? நாங்களும் தெரிஞ்சிக்கறோம்” என்று திருப்பிக் கத்தினேன். விளக்கு அணைந்தது. இருட்டில் என் கையைப் பிடித்திருந்த மாமியார் விடவும் இல்லை, இழுக்கவும் இல்லை. போட்டோ வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர் மணலில் உட்கார்ந்துவிட்டார். படம் முடிந்த பிறகுதான் எழுந்தார். வீட்டுக்குள் கால் வைத்தபோதும் தடுக்கவில்லை.

மறுநாள் காலை தெருக் குழாயில் என்னைப் பற்றித்தான் பேச்சு. நான் தனியாகப் போனது படத்துக்கு இல்லை, யாரையோ பார்க்க என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். குடத்தோடு நான் போய்ச் சேர்வதற்குள் எனக்கு முன்னால் மாமியார் நின்றுகொண்டிருந்தார்.

“நீ பாத்தியா?” என்று கேட்டார். அக்கா வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: “நான் பாத்தேன். மணல்ல ஒண்டியா குந்திக்கினு படம் பாத்துக்கினு இருந்தா. வேற ஒண்ணும் இல்ல. பாக்காத சங்கதிய பேசாத.”

அப்புறம் என் பக்கம் திரும்பினார். முகத்தில் கொஞ்சமும் சிரிப்பில்லை. “இன்னிக்கும் விளக்கு வைக்கிற நேரத்துல வாசல தாண்டினின்னா ரெண்டு காலயும் ஒடிச்சிடுவேன்.”

அன்றைக்கும் ஐந்தரைக்கே போனேன். இரண்டு காலும் நன்றாகத்தான் இருக்கின்றன.